கல்லூரி இம்ப்ராவ் காமெடி ஷோவுக்குப் போவது எப்படி? அமெரிக்க வளாகத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனாலும் முதல் சில வாரங்களிலேயே அந்த நோட்டீஸ் கண்ணில் பட்டுவிடும். மாணவர் மையத்தின் படிக்கட்டில், விடுதி லிஃப்ட்டுக்குள், வகுப்பறைக் கட்டடத்தின் வாசலில் என்று எங்காவது ஒட்டியிருப்பார்கள்: வெள்ளிக்கிழமை இரவு இம்ப்ராவ் ஷோ, எல்லாரும் வரலாம். முன்கூட்டி எழுதாமல் மேடையிலேயே அந்த நிமிடம் உருவாக்கும் நகைச்சுவைதான் இம்ப்ராவ். நம் மாணவர்கள் பலர் அதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். "அவங்க ஜோக் நமக்கு எங்க புரியப்போகுது" என்ற தயக்கம்தான் காரணம்.

நான் நேர்மாறாகச் சொல்வேன். வளாகத்துக்குப் புதிதாக வந்த ஒருவர் முதலில் போக வேண்டிய நிகழ்ச்சி இதுதான். இங்கே வசனம் எழுதப்படவில்லை, ஒத்திகை பார்த்த கதையும் கிடையாது. அடுத்த வரி என்ன என்பது மேடையில் நிற்பவருக்கும் தெரியாது. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவரும் போன வாரம் விமானத்தில் வந்து இறங்கியவரும் அந்த ஒரு மணி நேரம் ஒரே அளவு விஷயம் தெரிந்தவர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றைய கதை தொடங்கும்போதே இருவரும் கூட இருந்தவர்கள். ஒரு புது ஊரில் இப்படிப்பட்ட இடம் எளிதில் கிடைக்காது.

இது தற்செயலாக அமைந்ததும் அல்ல. அமெரிக்க இம்ப்ராவின் வேர் சிகாகோவில் இருக்கிறது. அங்கே குடியேறி வந்த ஏழைக் குடும்பங்களுக்காக இயங்கிய ஹல் ஹவுஸ் என்ற சேவை இல்லத்தில், நீவா பாய்ட் என்பவரிடம் விளையாட்டு வழிக் கல்வி பயின்றவர் வயோலா ஸ்போலின். 1939 முதல் 1941 வரை அரசின் வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றின் கீழ் அவர் சிகாகோவில் நாடகப் பயிற்சி கொடுத்தார். வந்த பிள்ளைகள் வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மொழியும் பழக்கமும் வேறு வேறு. புத்தகத்தைக் கையில் கொடுத்து நடிக்கச் சொன்னால் அங்கே வேலைக்கு ஆகாது. அதனால் ஸ்போலின் விளையாட்டுகளை உருவாக்கினார்: கையில் இல்லாத பந்தைத் தூக்கிப் போடு, அவன் பிடிக்கட்டும், எதிரில் நிற்பவளின் அசைவைக் கண்ணாடிபோலத் திருப்பிச் செய். இன்று கல்லூரி அணிகள் மேடையேறும் முன் செய்யும் பயிற்சிகளில் பல இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஊருக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்காகப் பிறந்த கலை இது என்பதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

படி 1: எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்டாண்ட் அப் என்றால் ஒருவர் மைக் முன்னால் நின்று, எழுதித் தயார் செய்த விஷயத்தைப் பேசுவது. ஸ்கெட்ச் என்றால் எழுதி ஒத்திகை பார்த்த சிறு நகைச்சுவை நாடகம். இம்ப்ராவில் இந்த இரண்டும் கிடையாது. பார்வையாளர் ஒருவர் ஒரு சொல்லைக் கொடுப்பார், அணி அதிலிருந்து அந்த நிமிடமே காட்சிகளை உண்டாக்கும். சில கல்லூரி அணிகள் ஒரே இரவில் ஸ்கெட்சும் இம்ப்ராவும் கலந்து போடும், எனவே நோட்டீஸை முழுக்கப் படியுங்கள்.

இம்ப்ராவிலேயே இரண்டு வகை உண்டு. எதற்குப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஷார்ட் ஃபார்ம் என்பது சிறு விளையாட்டுகளின் தொகுப்பு. ஒவ்வொன்றும் சில நிமிடம் ஓடும். ஹோஸ்ட் வந்து விதியைச் சொல்வார்: ஒவ்வொரு வசனமும் அகர வரிசையில் அடுத்த எழுத்தில் தொடங்க வேண்டும், அல்லது யாராவது "ஃப்ரீஸ்" என்று கத்தினால் எல்லாரும் அப்படியே உறைந்து நிற்க வேண்டும், கத்தியவர் உள்ளே போய் அதே உடல் நிலையிலிருந்து முற்றிலும் வேறு காட்சியைத் தொடங்க வேண்டும். 1988இல் பிரிட்டனிலும் 1998இல் அமெரிக்காவிலும் தொலைக்காட்சிக்கு வந்த ஹூஸ் லைன் இஸ் இட் எனிவே நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுக்கு இந்த வகை உடனே பிடிபடும். முதல் தடவை போகிறவருக்கு நான் ஷார்ட் ஃபார்மைத்தான் சொல்வேன். விதி கண்முன்னே இருப்பதால், ஆங்கிலம் வேகமாகப் போனாலும் விளையாட்டு கைவிட்டுப் போகாது.

லாங் ஃபார்ம் வேறு மாதிரி. ஒரே ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு அரை மணி நேரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தாமல் ஆடுவார்கள். விதியை யாரும் விளக்க மாட்டார்கள். தெரியாமல் போனால் நடுவில் தலை சுற்றும். பழகிவிட்டாலோ இதுதான் மனதில் நிற்கும்.

படி 2: அணியைக் கண்டுபிடியுங்கள்

பெரிய வளாகங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருக்கும். பாஸ்டன் கல்லூரியின் மை மதர்ஸ் ஃப்ளீபேக் 1980இல் தொடங்கியது. யேல் பல்கலைக்கழகத்தில் எக்ஸிட் பிளேயர்ஸ் 1984இலும் பர்ப்பிள் கிரேயான் 1985இலும் வந்தன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆஃப் ஆஃப் கேம்பஸ் 1986இல் உருவானது. அதை உருவாக்கிய பெர்னி சாலின்ஸ், சிகாகோவின் செகண்ட் சிட்டி என்ற நகைச்சுவை அரங்கை 1959இல் தொடங்கியவர்களில் ஒருவர். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மீ ஆவ் ஷோ இவை எல்லாவற்றுக்கும் முன்பே 1974இல் ஆரம்பமானது.

பல்கலைக்கழகத்தின் மாணவர் சங்கப் பட்டியலில் "காமெடி" என்று தேடினால் அணிகளின் பெயர்கள் வரும். இன்ஸ்டாகிராமில் அந்தப் பெயரைப் போட்டால் அடுத்த ஷோவின் தேதியும் இடமும் இருக்கும். டிக்கெட் பெரும்பாலும் இலவசம், இல்லையென்றால் சில டாலர். செமஸ்டர் தொடங்கிய உடனே பெரும்பாலும் ஒரு ஷோ வைப்பார்கள், அதை ஒட்டித்தான் புதியவர்களுக்கான ஆடிஷன் வரும். செமஸ்டர் கடைசியில் பட்டம் பெற்றுப் போகும் மாணவர்களுக்காக ஒரு ஷோ இருக்கும். அன்று பழைய உறுப்பினர்களும் வருவார்கள், உள்கதைகள் நிறைய ஓடும். புதியவருக்கு முதலாவது ஷோதான் ஏற்றது.

படி 3: சீக்கிரம் போய் முன்னால் உட்காருங்கள்

இடம் பெரும்பாலும் ஒரு சாதாரண லெக்சர் ஹால்தான். கரும்பலகையில் காலையில் எழுதிய சமன்பாடு அப்படியே இருக்கும், அதன் முன்னால் இரண்டு நாற்காலிகள். செட்டும் கிடையாது, உடை அலங்காரமும் கிடையாது. அந்த இரண்டு நாற்காலிகளே கார் ஆகும், விமானம் ஆகும், ஆஸ்பத்திரி வரவேற்பறை ஆகும்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தால் பாதி ஷோ போய்விடும். முகபாவமும் கையசைவும்தான் இந்தக் கலையின் பாதி. முன்னால் உட்கார்ந்தால் மேடைக்கு இழுத்துவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். சில விளையாட்டுகளுக்கு ஒரு பார்வையாளரை அழைப்பது உண்டு, ஆனால் நல்ல அணி கேட்டுவிட்டுத்தான் அழைக்கும். தலையசைத்து மறுத்தால் அடுத்தவரிடம் போய்விடுவார்கள், யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

தொடங்கும் முன் பக்கவாட்டுக் கதவருகே கவனியுங்கள். அணியினர் ஒருவர் முதுகை ஒருவர் தட்டி "காட் யுவர் பேக்" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். "உன் பின்னால் நான் இருக்கேன்" என்ற உறுதி அது. மேடையில் ஒருவர் திணறினால் இன்னொருவர் ஓடிவந்து தாங்குவதை அன்றிரவே பலமுறை பார்ப்பீர்கள்.

கைபேசியை அணைத்து உள்ளே வையுங்கள். வீடியோ எடுப்பதைப் பெரும்பாலான அணிகள் விரும்புவதில்லை, அதில் நியாயம் இருக்கிறது. யோசிக்காமல் பேசுவதற்காகவே கூடியிருப்பவர்களின் ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து வெளியே போட்டால், மறுநாள் அவர்கள் யோசித்து யோசித்துப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

படி 4: சஜஷன் கொடுங்கள், நல்லதாகக் கொடுங்கள்

ஹோஸ்ட் முன்னால் வந்து கேட்பார்: "எங்களுக்கு ஒரு சொல் கொடுங்க", அல்லது "இந்த மேடைக்குள்ள அடங்குற ஒரு இடம் சொல்லுங்க". பார்வையாளர் கொடுக்கும் இந்தச் சொல்லுக்குத்தான் சஜஷன் என்று பெயர். புதிதாக வந்தவர்கள் வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். தயவுசெய்து சொல்லுங்கள். ஒரே ஒரு சொல்தான், இலக்கணம் தேவையில்லை, உச்சரிப்பை யாரும் திருத்தப் போவதில்லை.

இந்தச் சடங்கு நமக்கு அந்நியமும் அல்ல. சபையில் ஒருவர் ஈற்றடி கொடுக்க, புலவர் அந்த இடத்திலேயே வெண்பாவை முடித்துக் காட்டும் ஆசுகவி மரபு நம்முடையது. செருப்பில் தொடங்கி விளக்குமாற்றில் முடிய வேண்டும் என்று கேட்டவருக்குக் காளமேகம் முருகன்மேல் பாடிக் காட்டினார் என்று சொல்லக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறோம். கேட்டவர் கொடுத்தது இடக்கான சொற்கள். புலவர் அவற்றைத் தள்ளிவிடாமல் எடுத்துக்கொண்டார். இம்ப்ராவ் அணியும் கொடுத்ததை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். வித்தியாசம் ஒன்று உண்டு. நம் புலவர் தனியாக நின்று தன் புலமையைக் காட்டினார். இங்கே ஆறேழு பேர் சேர்ந்து, யாருக்கும் தனிப் பெயர் வராதபடி செய்கிறார்கள்.

நல்ல சஜஷன் எது? சாதாரணமானதும் குறிப்பானதும். "குடை", "பல் டாக்டர்", "சலவை", "தாத்தாவோட கைக்கடிகாரம்" மாதிரி. வேடிக்கையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, வேடிக்கை அவர்கள் பொறுப்பு. உடலுறுப்பு, கழிப்பறை, அந்த வாரம் செய்தியில் அடிபட்ட அரசியல்வாதி ஆகியவற்றை ஒவ்வொரு அணியும் ஒவ்வொரு ஷோவிலும் கேட்டுச் சலித்திருக்கிறது. நம் ஊர்ச் சொல் ஒன்றைக் கொடுக்கலாமா? கொடுக்கலாம். "என்னன்னு சொல்லுங்க" என்று ஹோஸ்ட் கேட்டால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். கேட்பவருக்குப் புரியாத சொல்லை விளக்காமல் எறிந்தால், அணி அதன் ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு ஆட வேண்டி வரும். அப்படி ஆடுவது பெரும்பாலும் நமக்குப் பிடிக்காத பக்கம்தான் போகும்.

சொல்லைக் கொடுத்தபின் உங்கள் வேலை முடிந்தது. காட்சி ஓடும்போது இடையில் குரல் கொடுக்காதீர்கள். ஸ்டாண்ட் அப் மேடையில் கூட்டத்தோடு வாய்ச்சண்டை போடுவது சிலருக்கு ஒரு பாணி, இங்கே அது காட்சியைக் கொன்றுவிடும்.

படி 5: ஜோக்கைத் தேடாதீர்கள், கேட்பதைக் கவனியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால் இதை வையுங்கள். முதல்முறை போகிறவர்கள் "எப்போ சிரிப்பு வரும்" என்று காத்திருப்பார்கள். பழகியவர்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் எப்படி வாங்கிக்கொள்கிறார் என்று பார்ப்பார்கள். ஒரு கற்பனைக் காட்சியை எடுத்துக்கொள்வோம்.

சஜஷன்: சலவை. ஒரு மாணவி முன்னே வந்து குனிகிறாள். வட்டக் கதவு ஒன்றைத் திறப்பதுபோலக் கையை வளைத்து இழுத்து உள்ளே எட்டிப் பார்க்கிறாள். ஒருவன் வந்து அவள் பக்கத்தில் நிற்கிறான். அவள் சொல்கிறாள்: "இந்த வாரமும் உன் சாக்ஸ்ல ஒண்ணுதான் திரும்பி வந்திருக்கு."

ஒரே வரியில் அவள் மூன்று விஷயம் கொடுத்துவிட்டாள்: எதிரே சலவை இயந்திரம் இருக்கிறது, இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், இது போன வாரமும் நடந்தது. இப்படிக் கொடுப்பதை ஆஃபர் என்பார்கள். அவன் "இது வாஷிங் மெஷின் இல்ல, மைக்ரோவேவ்" என்று சொன்னால் ஒரு சிரிப்பு வரும்தான். ஆனால் அவள் கட்டியது இடிந்து, இருவரும் வெறும் தரையில் நிற்பார்கள். அதற்கு ப்ளாக் என்று பெயர். அதைச் செய்யாமல் அவன் சொல்கிறான்: "என்ன பண்றது, அதுக்கு உன்னைத்தான் பிடிச்சிருக்கு."

சாக்ஸ் தொலைந்ததை அவன் ஏற்றுக்கொண்டான். அதோடு ஒரு செங்கல்லும் வைத்தான்: இயந்திரத்துக்கு விருப்பு வெறுப்பு உண்டு. "எஸ், அண்ட்" என்று இம்ப்ராவ்காரர்கள் ஓயாமல் சொல்வது இதைத்தான். ஆமாம் என்று வாங்கிக்கொள், அதற்கு மேல் ஒன்றைக் கொடு. அடுத்து அவள் உள்ளே கைவிட்டுத் தன் சட்டையை எடுக்கிறாள். இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து மெதுவாகத் தூக்கிப் பார்க்கிறாள். "இஸ்திரி போட்டு மடிச்சு வச்சிருக்கு." இப்போது அரங்கம் சிரிக்கும். அந்த வரியில் தனியாக ஒரு ஜோக்கும் இல்லை. முதல் வரியிலிருந்து எல்லாரும் கூடவே வந்ததால் சிரிக்கிறோம்.

காட்சியில் திரும்பத் திரும்ப வந்து ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாகும் அந்த விந்தைக்கு கேம் என்று பெயர். இங்கே கேம்: இயந்திரங்களுக்கு அவனைப் பிடிக்காது. கேமைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்து என்ன வரும் என்று நீங்களும் யோசிக்கத் தொடங்கிவிடுவீர்கள். அவர்கள் உங்கள் ஊகத்துக்கு ஒரு படி மேலே போகும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்காகவே மறுபடி மறுபடி போகத் தோன்றும்.

காட்சி எப்போது முடிகிறது என்பதுதான் புதியவர்களுக்கு வரும் அடுத்த சந்தேகம். திரை விழாது. காட்சியில் இல்லாதவர்கள் பின்னால் வரிசையாக நிற்பார்கள், அதுதான் பேக் லைன். அவர்களில் ஒருவர் மேடையின் குறுக்கே முன்னால் ஓடினால் அந்தக் காட்சி முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது. அது ஸ்வீப். ஒருவர் வந்து நடிப்பவரின் தோளைத் தட்டினால், தட்டுப்பட்டவர் விலக, மீதி இருப்பவரின் அதே பாத்திரம் வேறொரு சூழலுக்குப் போய்விடும். அது டேக் அவுட். நம் சாக்ஸ் இளைஞனை இப்படித் தட்டித் தட்டி ஏடிஎம் முன்னாலும் லிஃப்ட் முன்னாலும் கொண்டுபோய் நிறுத்தலாம். பேக் லைனில் நிற்பவர்களையும் அவ்வப்போது பாருங்கள். அவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்கவில்லை. எங்கே உதவி தேவைப்படும் என்று உற்றுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு அணி தேறிய அணியா என்பதை நான் அவர்களின் முகத்தை வைத்துத்தான் முடிவு செய்வேன்.

லாங் ஃபார்ம் ஷோ என்றால் ஹாரல்ட் என்ற பெயரை ஒருமுறையாவது கேட்பீர்கள். 1967இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் த கமிட்டி என்ற இம்ப்ராவ் குழுவோடு, இம்ப்ராவ் ஆசான் டெல் க்ளோஸ் உருவாக்கிய வடிவம் அது. பின்னர் சிகாகோவில் சார்னா ஹால்பெர்னோடு சேர்ந்து இம்ப்ராவ் ஒலிம்பிக் என்ற அரங்கில் அதைச் செதுக்கினார். அமைப்பு இதுதான். முதலில் எல்லாரும் சேர்ந்து அந்த ஒரு சொல்லைப் பிரித்து மேய்வார்கள், நினைவுகளோ சொற்தொடர்களோ அசைவுகளோ வரலாம். பிறகு ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மூன்று காட்சிகள். அடுத்து முழு அணியும் சேர்ந்து ஒரு விளையாட்டு. அதே மூன்று காட்சிகளின் இரண்டாம் சுற்று, காலமோ இடமோ மாறி. இன்னொரு கூட்டு விளையாட்டு. கடைசிச் சுற்றில் காட்சிகள் சுருங்கி ஒன்றுக்குள் ஒன்று நுழையும். முதல் சுற்றில் சாக்ஸ் தொலைத்தவன் மூன்றாம் சுற்றில் சலவை இயந்திரக் கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்கு வந்து உட்காருவான். அவன் வாயைத் திறக்கும் முன்பே அரங்கம் வெடிக்கும். நடைமுறையில் மாணவர் அணிகள் இந்த அமைப்பை அப்படியே பின்பற்றுவது குறைவு. பல அணிகள் தளர்வான காட்சிக் கோவையாகவே ஆடும். ஆனால் திரும்பி வரும் காட்சிகளை எதிர்பார்க்கத் தெரிந்தால் போதும், எந்த வடிவமும் பிடிபடும்.

படி 6: சிரிப்பு வராத நிமிடங்களிலும் கூட இருங்கள்

எந்த ஷோவிலும் சில காட்சிகள் எடுபடாது. ஒரு காட்சி தரைதட்டும், எல்லாருக்கும் தெரியும், ஆடுபவருக்கும் தெரியும். அப்போது கைபேசியை எடுக்காதீர்கள். பொய்யாகச் சிரிக்கவும் வேண்டாம், அது உடனே தெரிந்துவிடும். கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். தோற்ற காட்சியின் ஒரு துண்டு இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்து அன்றைய பெரிய கைத்தட்டலை வாங்கும், அதை கால்பேக் என்பார்கள். முதலில் கவனித்தவருக்குத்தான் அது கிடைக்கும்.

எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்ததும் இந்த இடம்தான். சுற்றிலும் உள்ள கட்டடங்களில் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. தேர்வு, ஜிபிஏ, இன்டர்ன்ஷிப், பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம். அந்த வளாகத்தின் நடுவே, இருபது வயதுக்காரர்கள் நூறு பேர் முன்னால் தயாரிப்பில்லாமல் நின்று தோற்கிறார்கள். தோற்றவரை இன்னொருவர் ஓடிவந்து காப்பாற்றுகிறார், எல்லாரும் கை தட்டுகிறார்கள். தவறு செய்தால் மானம் போய்விடும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு, அதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதே ஒரு விடுதலை.

படி 7: புரியாத இடங்களையும் உறுத்தும் இடங்களையும் கையாளுங்கள்

அமெரிக்கப் பிள்ளைகள் சின்ன வயதில் பார்த்த கார்ட்டூன், அவர்கள் பள்ளியின் ப்ராம் நடனம், ஏதோ ஒரு சிற்றுண்டிக் கடையின் விளம்பரப் பாட்டு என்று குறிப்புகள் வரும். அவை நழுவிப் போகட்டும். காட்சி நன்றாக இருந்தால் இரண்டு பாத்திரங்களுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதே போதும்: யாருக்கு யார் மேல் கோபம், யார் எதை மறைக்கிறார். குறிப்புகளை மட்டுமே நம்பி ஓடும் காட்சி, அதைப் புரிந்துகொண்டவர்களுக்கும் சீக்கிரம் அலுத்துவிடும். நண்பர் ஒருவரோடு போனால் ஷோ முடிந்து நடந்து வரும்போது கேட்டுக்கொள்ளலாம். ஒரு ஊரின் பிள்ளைப்பருவத்தைத் தெரிந்துகொள்ள இதைவிட இயல்பான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

உறுத்தல் வேறு விஷயம். யோசிக்காமல் பேசும்போது மனதில் மேலாக மிதப்பதுதான் முதலில் வரும், அதில் இன முத்திரைகளும் உண்டு. இந்திய உச்சரிப்பைக் கேலிக்கு எடுப்பது முன்பெல்லாம் மலிவாக நடந்தது. இன்று கவனமான அணிகள் இதை ஒத்திகையிலேயே பேசி முடிவு செய்கின்றன. யாரைத் தொடலாம், எந்தப் பேச்சு வேண்டாம் என்பதையும் ஷோவுக்கு முன் ஒருவரோடு ஒருவர் சொல்லிக்கொள்கிறார்கள். தொழில்முறை மேடைகள் இதற்குப் பெரிய விலை கொடுத்தன. இன ஒதுக்கல் குறித்து நடிகர்களிடமிருந்து எழுந்த கடும் குற்றச்சாட்டுகளுக்குப் பின், 2020 ஜூனில் செகண்ட் சிட்டியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் விலகினார். நீங்கள் பார்த்த காட்சி உங்களைக் காயப்படுத்தினால் ஷோ முடிந்ததும் அணியின் தலைவரிடம் நேரில் சொல்லுங்கள், அல்லது எழுதி அனுப்புங்கள். மாணவர்கள்தான், கேட்பார்கள். கேட்பதையே பயிற்சியாகச் செய்பவர்கள் அவர்கள்.

இதற்கு இவ்வளவு மரியாதை ஏன்?

கல்லூரிக்கும் இம்ப்ராவுக்கும் உள்ள உறவு ஆரம்பத்திலிருந்தே உண்டு. ஸ்போலினின் மகன் பால் சில்ஸ், டேவிட் ஷெப்பர்டோடு சேர்ந்து 1955இல் காம்பஸ் பிளேயர்ஸ் என்ற இம்ப்ராவ் குழுவைத் தொடங்கியது சிகாகோ பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஒரு மதுக்கூடத்தில்தான். பின்னாளில் திரைப்பட இயக்குநர்களான மைக் நிக்கல்ஸும் எலெய்ன் மேயும் அங்கிருந்து வந்தவர்கள். அங்கிருந்தே செகண்ட் சிட்டிக்கு வழி பிறந்தது. கல்லூரி அணிகள் அந்த ஓட்டத்துக்குத் திரும்பத் திரும்ப ஆள் கொடுத்தன. நகைச்சுவை நடிகை ஏமி போலர் மை மதர்ஸ் ஃப்ளீபேக்கில் இருந்தவர். நடிகை ஜூலியா லூயி ட்ரைஃபஸும் நகைச்சுவையாளர் செத் மேயர்ஸும் மீ ஆவ் ஷோவில் ஆடியவர்கள். சியோலில் பிறந்து சிறுவயதில் குடியேறிய நடிகர் ஸ்டீவன் யூன், கலமசூ கல்லூரியில் மங்கபல்ட் அணியில் சேர்ந்துதான் மேடைக்கு வந்தார்.

இன்னொரு கிளை பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கே 1968 வரை நாடகப் பிரதியை அரசின் தணிக்கை அதிகாரிக்கு முன்கூட்டியே காட்டி அனுமதி வாங்க வேண்டும். பிரதியே இல்லாத நாடகத்தை எப்படிக் காட்டுவது? நாடக இயக்குநர் கீத் ஜான்ஸ்டன் தன் இம்ப்ராவ் குழுவின் ஆட்டத்தை வகுப்பறைச் செய்முறை விளக்கம் என்ற பெயரில்தான் மேடையேற்ற முடிந்தது. எழுதாமல் பேசுவதே அதிகாரத்துக்கு ஒப்பாத ஒன்றாக இருந்திருக்கிறது. பிறகு அவர் கனடாவுக்குப் போய் கால்கரியில் 1977இல் தியேட்டர் ஸ்போர்ட்ஸைத் தொடங்கினார். மல்யுத்தப் போட்டியில் கூட்டம் காட்டும் வெறியை நாடகத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் ஆசை. இரண்டு அணிகள் மோதி நடுவர்கள் மதிப்பெண் கொடுக்கும் ஷோவை நீங்கள் பார்த்தால் அது அவர் வழியில் வந்தது.

இந்தப் பயிற்சி மேடையோடு நிற்கவும் இல்லை. ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் 2009இல் நடிகர் ஆலன் ஆல்டாவின் முயற்சியால் தொடங்கிய மையத்தில், ஆராய்ச்சியாளர்கள் தங்கள் ஆய்வைச் சாதாரண மக்களிடம் பேச இம்ப்ராவ் பயிற்சிகள் வழியாகக் கற்கிறார்கள். எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து, அவருக்குப் புரிகிறதா என்று கவனித்து, அதற்கேற்ப அடுத்த வரியை மாற்றுவது. முனைவர் பட்டத்துக்கு வந்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

படி 8: முடிந்ததும் ஓடிவிடாதீர்கள்

விளக்கு அணைந்து எரிந்ததும் அணியினர் அரங்கத்திலேயே நிற்பார்கள். போய்ப் பேசுங்கள். "நல்லா இருந்தது" என்று மட்டும் சொல்லாமல் ஒரு குறிப்பிட்ட நொடியைச் சொல்லுங்கள்: "நீங்க அந்த நாற்காலியைத் திருப்பிப் போட்ட இடம்". தாங்கள் என்ன செய்தோம் என்பது அவர்களுக்கே பாதி நினைவிருக்காது, அதனால் அது அவர்களுக்குப் பெரிய பரிசு.

ஆட ஆசை வந்தால் எல்லாருக்குமான பயிற்சிப் பட்டறை இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். பல அணிகள் ஆடிஷனுக்கு முன் ஒன்றாவது நடத்தும். ஸ்டான்ஃபோர்டில் பட்ரிசியா ரயன் மேட்சன் 1991இல் தொடங்கிய அணியைப்போல வகுப்பும் மேடையும் சேர்ந்து வளர்ந்த இடங்களில், பாடமாகவே எடுத்துப் படிக்க வாய்ப்பு இருக்கும். ஆடிஷனில் தனித்து மின்ன முயலாதீர்கள். கூட ஆடியவரை யார் அழகாகக் காட்டினார் என்றுதான் தேர்வு செய்பவர்கள் பார்க்கிறார்கள். முதல் முறை எடுக்காவிட்டால் அடுத்த செமஸ்டர் மறுபடி போகலாம், இரண்டாவது மூன்றாவது முயற்சியில் சேர்ந்தவர்கள் பல அணிகளில் உண்டு. முதுகலை மாணவர்களை இளங்கலை அணிகள் சேர்க்காத வளாகங்களும் இருக்கின்றன, அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியானால் ஊரில் உள்ள சமூக இம்ப்ராவ் குழுவின் தொடக்க வகுப்பில் சேரலாம். வாரத்துக்கு ஒரு மாலை, வசதியான ஷூ, ஒரு தண்ணீர் பாட்டில். வேறு எதுவும் கொண்டுபோகத் தேவையில்லை.